மேஜிக் டெக்கில் எத்தனை லேண்ட், எந்த நிறத்தில்? புதியவர்களுக்கு மானா கணக்கு

மேஜிக்: த கேதரிங் என்ற கார்டு ஆட்டத்துக்குப் புதிதாக வருபவர் தன் முதல் டெக்கை, அதாவது ஆடும் கார்டுக் கட்டை, கட்டும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். பிடித்த கிரீச்சர், பிடித்த ஸ்பெல் எல்லாவற்றையும் எடுத்து அடுக்குகிறார். எண்ணிப் பார்த்தால் 42 கார்டு வந்துவிடுகிறது. டெக்குக்கு வேண்டிய 60-க்கு மீதி 18. அந்த இடத்தில், மற்ற கார்டுகளை இறக்கத் தேவையான மானாவைத் தரும் லேண்டைச் செருகிவிட்டு ஆட உட்காருகிறார். பிறகு கை நிறைய நல்ல கார்டை வைத்துக்கொண்டு, ஒன்றையும் இறக்க முடியாமல் அடுத்தடுத்துத் தோற்கிறார். கார்டு சரியாக வரவில்லை என்றுதான் அப்போது தோன்றும். கார்டு கணக்குப்படிதான் வந்தது.

60 கார்டில் 18 லேண்ட் வைத்தால், முதலில் எடுக்கும் 7 கார்டில் லேண்டே இல்லாமலோ ஒன்றே ஒன்றுடனோ வரும் வாய்ப்பு 31 சதவீதம். ஏறக்குறைய மூன்று ஆட்டத்துக்கு ஒன்று, தொடங்கும் முன்பே கெட்டுப்போகிறது. 20 லேண்ட் வைத்தால் இது 25 சதவீதம். 24 வைத்தால் 14 சதவீதம். அதனால் டெக் கட்டுவதை லேண்டிலிருந்தே தொடங்குங்கள். முதலில் 24 இடத்தை ஒதுக்கிவிட்டு, மீதி 36 இடத்துக்கு எந்தக் கார்டு தகுதியானது என்று தேடுங்கள். பிடித்த கார்டை வெளியே வைப்பது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் இறக்க முடியாத கார்டு எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

அடிப்படை

1993-ல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்து விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் வெளியிட்ட ஆட்டம் இது. ஒரு கார்டை இறக்க ஆகும் செலவுதான் மானா. மானாவுக்கு ஐந்து நிறம். வெள்ளையை பிளெய்ன்ஸ் தருகிறது, நீலத்தை ஐலண்ட், கருப்பை ஸ்வாம்ப், சிவப்பை மவுண்டன், பச்சையை ஃபாரஸ்ட். இந்த ஐந்தும் பேசிக் லேண்ட். மற்ற கார்டு எதையும் ஒரு டெக்கில் 4-க்கு மேல் வைக்கக் கூடாது. பேசிக் லேண்டுக்கு மட்டும் அந்த வரம்பு இல்லை.

ஒரு டர்னில், அதாவது உங்கள் முறை வரும் ஒவ்வொரு தடவையும், ஒரு லேண்டைத்தான் கையிலிருந்து கீழே வைக்கலாம். ஆட்டத்தின் வேகம் முழுவதும் இந்த ஒரு விதியில்தான் அடங்கியிருக்கிறது. தவறாமல் லேண்ட் வந்தால் 4-வது டர்னில் 4 மானா கிடைக்கும். ஒரு டர்ன் தவறினால் அந்த இடைவெளி எளிதில் மூடாது, ஏனென்றால் அடுத்த டர்னில் இரண்டாக வைத்து ஈடுகட்ட முடியாது. உபயோகிக்காத மானாவைச் சேர்த்து வைக்கவும் வழியில்லை. ஆட்டம் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு நகர்ந்ததும் அது காலியாகிவிடும்.

கார்டின் வலது மேல் மூலையில் செலவு அச்சிட்டிருக்கும். லைட்னிங் போல்ட்டில் ஒரே ஒரு சிவப்புக் குறி. ஷிவன் டிராகனில் 4 என்ற எண்ணும் இரண்டு சிவப்புக் குறியும். எண்ணுக்கு எந்த நிற மானாவும் போதும். குறிக்கு அந்த நிறமே வேண்டும். ஆகவே டிராகனின் மொத்தச் செலவு 6, அதில் 2 கட்டாயம் சிவப்பு. மொத்தச் செலவு, நிறக் குறி ஆகிய இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. எத்தனை லேண்ட் என்ற கேள்விக்கு மொத்தச் செலவிலிருந்து விடை வரும், எந்த லேண்ட் என்ற கேள்விக்கு நிறக் குறியிலிருந்து.

எத்தனை லேண்ட்?

லேண்ட் குறைந்தால் வறட்சி, கூடினால் வெள்ளம். ஸ்க்ரூ, ஃப்ளட் என்று ஆட்டக்காரர்கள் சொல்வது இவற்றைத்தான். இரண்டையும் முழுக்க ஒழிக்க முடியாது. எது எவ்வளவு அடிக்கடி நடக்கலாம் என்று மட்டுமே தீர்மானிக்கலாம்.

24 லேண்ட் உள்ள 60 கார்டு டெக்கில் முதல் 7 கார்டு எப்படி வரும்? 3 லேண்ட் வரும் வாய்ப்பு 31 சதவீதம், 2 வருவது 27, 4 வருவது 20. இந்த மூன்றும் சேர்ந்தால் ஏறத்தாழ 78 சதவீதம். 5 லேண்ட் வருவது 7 சதவீதம், அதற்கு மேல் வருவது மிகவும் அரிது. அதாவது நாலில் மூன்று தடவைக்கும் சற்று மேலாக, ஆடத் தகுந்த கை கிடைக்கும்.

24 என்ற எண் எல்லா டெக்குக்கும் பொருந்தாது. உங்கள் டெக் எந்த டர்ன் வரை தவறாமல் லேண்ட் வைத்தாக வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். 1, 2 மானா கார்டுகளாலேயே ஆட்டத்தை முடிக்கப் பார்க்கும் வேகமான சிவப்பு டெக்குக்கு 20 முதல் 22 போதும். மூன்றாவது லேண்ட் வந்த பிறகு வரும் ஒவ்வொரு லேண்டும் அதற்குப் பாரம். நடுத்தரமான டெக்குக்கு 24. எதிராளியை நிறுத்தி நிறுத்தி, 5, 6 மானா கார்டில் ஜெயிக்க நினைக்கும் கன்ட்ரோல் டெக்குக்கு 26 அல்லது 27.

இரண்டு லேண்டில் என்ன மாறிவிடும் என்று கேட்கலாம். முதலில் ஆடுபவர் முதல் டர்னில் கார்டு எடுக்கக் கூடாது என்பதால் 4-வது டர்னில் அவர் பார்த்திருப்பது 10 கார்டு. அந்தப் பத்தில் குறைந்தது 4 லேண்ட் இருக்கும் வாய்ப்பு, 24 லேண்ட் டெக்கில் 63 சதவீதம். 26 லேண்ட் டெக்கில் 72 சதவீதம். இரண்டாவதாக ஆடுபவருக்கு ஒரு கார்டு கூடுதல், அதனால் 24 லேண்டிலேயே 73 சதவீதம் கிடைத்துவிடுகிறது. இந்த 63-ஐ உற்றுப் பாருங்கள். 24 லேண்ட் வைத்த டெக்கிலும், முதலில் ஆடும்போது மூன்று ஆட்டத்துக்கு ஒன்றுக்கு மேல் 4 மானா கார்டு நேரத்துக்கு இறங்காது. நாலு மானா கார்டை டஜன் கணக்கில் வைக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

கர்வ்

கார்டுகளைச் செலவு வாரியாக வரிசையாக மேசையில் பரப்பிப் பாருங்கள்: 1 மானா கார்டு ஒரு வரிசை, 2 மானா அடுத்த வரிசை, இப்படியே. வரிசைகளின் நீளம் ஒரு வளைவாகத் தெரியும். மானா கர்வ் என்பது இதுதான். ஒவ்வொரு டர்னும் கிடைக்கும் மானாவைச் சிந்தாமல் செலவழிக்க முடிகிறதா என்பதை அது காட்டிவிடும். இந்த எண்ணத்தின் பலத்தை எல்லோருக்கும் காட்டிய டெக், 1996-ல் பால் ஸ்லை என்பவர் அட்லாண்டாவில் ஒரு தகுதிச் சுற்றில் ஆடியது. ஜே ஷ்னைடர் வடிவமைத்த அந்தச் சிவப்பு டெக்கில் தனித்தனியாகப் பார்த்தால் சாதாரணமான கார்டுகள் நிறைய. ஆனால் ஒவ்வொரு டர்னிலும் போட ஒரு கார்டு இருக்கும்படி எண்ணிக்கை அமைந்திருந்தது. இன்றும் அந்த வகை டெக்குக்கு ஸ்லை என்றே பெயர்.

36 ஸ்பெல் (லேண்ட் அல்லாத கார்டுகள்) உள்ள நடுத்தர டெக்குக்குத் தொடக்கமாக இதை வைத்துக்கொள்ளலாம்: 1 மானா 8 கார்டு, 2 மானா 11, 3 மானா 8, 4 மானா 5, அதற்கு மேல் 4. சராசரிச் செலவு ஏறத்தாழ 2.6 வரும். 24 லேண்டுக்கு அது நன்றாகப் பொருந்தும். உங்கள் சராசரி 3-ஐத் தாண்டினால் லேண்டைக் கூட்டுவதற்கு முன், 5 மானா வரிசையில் எதை எடுக்கலாம் என்று பாருங்கள். பெரும்பாலும் பிரச்சினை அங்கேதான் இருக்கும்.

லானோவார் எல்வ்ஸ் போல மானா தரும் மலிவான கிரீச்சர், ஆப்ட் போல மலிவாகக் கார்டு எடுத்துத் தரும் ஸ்பெல் இருந்தால் லேண்டைச் சற்றுக் குறைக்கலாம். மூன்று நான்கு கார்டுக்கு ஒரு லேண்ட், அதுதான் அளவு. நான்கு எல்வ்ஸ் வைத்துவிட்டு நான்கு லேண்டை எடுப்பது பெரிய தவறு. எல்வ்ஸை இறக்கவே ஒரு லேண்ட் வேண்டும். இறங்கிய பிறகும் எதிராளி ஒரு லைட்னிங் போல்ட்டில் அதைச் சுட்டுவிடலாம். மவுண்டனையோ ஃபாரஸ்டையோ அப்படிச் சுட முடியாது.

எந்த நிறம், எத்தனை?

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். இரண்டு நிற டெக் என்றால் பாதிக்குப் பாதி, 12 மவுண்டன், 12 ஃபாரஸ்ட் என்று வைத்துவிடுகிறார்கள். இன்னும் சிலர் கார்டில் உள்ள நிறக் குறிகளை எண்ணி அதே விகிதத்தில் பிரிக்கிறார்கள். இது பரவாயில்லை என்றாலும் முக்கியமான ஒன்றை விட்டுவிடுகிறது: அந்த நிறம் எந்த டர்னில் தேவை என்பது.

எதிராளி இறக்கும் ஸ்பெல்லைத் தடுக்கும் கவுண்டர்ஸ்பெல்லின் செலவு இரண்டு நீலக் குறி. அதை 2-வது டர்னிலேயே தயாராக வைத்திருக்க ஆசை. 60 கார்டில் நீலம் தரும் லேண்ட் 12 இருந்தால், முதலில் ஆடும்போது 2-வது டர்னுக்குள் பார்க்கும் 8 கார்டில் இரண்டு நீல லேண்ட் இருக்கும் வாய்ப்பு 51 சதவீதம்தான். பூவா தலையா போடுவது மாதிரி. 16 இருந்தால் 69. 20 இருந்தால் 82. ஒரே நிறக் குறி இரண்டு, மூன்று உள்ள மலிவான கார்டு எவ்வளவு அதிகமாகக் கேட்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம். மூன்று சிவப்புக் குறி உள்ள காப்ளின் செயின்விர்லர், மூன்று பச்சைக் குறி உள்ள ஸ்டீல் லீஃப் சாம்பியன் இரண்டும் 2018-ல் டொமினேரியா தொகுப்பில் வந்த அருமையான 3 மானா கார்டுகள். ஆனால் இரண்டையும் ஒரே டெக்கில் வைத்தால் டெக் கிழிந்துவிடும்.

ஒரே குறி உள்ள 1 மானா கார்டை முதல் டர்னிலேயே போட வேண்டுமானால்? அந்த நிறம் தரும் லேண்ட் 8 இருந்தால் முதல் 7 கார்டில் ஒன்றாவது வரும் வாய்ப்பு 65 சதவீதம். 10 என்றால் 74. 12 என்றால் 81. 14 என்றால் 86. நெதர்லாந்து ஆட்டக்காரர் ஃபிராங்க் கார்ஸ்டன் கணக்கிட்டு வெளியிட்ட அட்டவணைகள் ஆட்டக்காரர்களிடையே பிரபலம். முதல் டர்ன் கார்டுக்கு அவர் சொல்லும் எண்ணும் 14-தான். இதை மட்டும் மனதில் வைத்தாலே பல தவறுகள் குறையும்.

ஓர் உதாரணம்

சிவப்பு-பச்சை டெக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள்ளே 4 லானோவார் எல்வ்ஸ், 4 லைட்னிங் போல்ட், மேல் வரிசையில் 2 ஷிவன் டிராகன். கர்வ் மேலே சொன்னதுபோல. 4 எல்வ்ஸ் இருப்பதால் 23 லேண்டுக்கு இறங்கலாம்தான். ஆனால் 6 மானா டிராகன் இருப்பதால் 24-லேயே நிற்பது நல்லது.

எல்வ்ஸ், போல்ட் இரண்டும் 1 மானா. இரண்டுக்கும் ஒரே அவசரமா? இல்லை. எல்வ்ஸை முதல் டர்னில் போட்டால்தான் 2-வது டர்னில் 3 மானா கிடைக்கும். 6-வது டர்னில் வரும் எல்வ்ஸ் ஏறக்குறைய வீண். போல்ட் எப்போது வந்தாலும் போல்ட்தான். டிராகனுக்கு இரண்டு சிவப்பு வேண்டும், ஆனால் அது 6-வது டர்ன் சமாச்சாரம். ஆகவே பச்சை முந்திக்கொண்டு வேண்டும், சிவப்பு மெதுவாக வரலாம். டெக்கில் சிவப்புக் குறி கூடுதலாக இருந்தாலும் ஃபாரஸ்ட்தான் அதிகம் வைக்க வேண்டும். கையில் பேசிக் லேண்ட் மட்டும் இருந்தால் 14 ஃபாரஸ்ட், 10 மவுண்டன் என்று தொடங்குங்கள்.

இரு நிறமும் தரும் லேண்ட் கிடைத்தால் நிலைமை வெகுவாக மாறும். 4 ஸ்டாம்பிங் கிரவுண்ட், 4 கார்ப்லூசன் ஃபாரஸ்ட், 4 ரூட்பவுண்ட் கிராக், 8 ஃபாரஸ்ட், 4 மவுண்டன். மொத்தம் 24-தான், ஆனால் பச்சை தருவது 20, சிவப்பு தருவது 16. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. ஸ்டாம்பிங் கிரவுண்டை உடனே உபயோகிக்க 2 உயிர்ப் புள்ளி கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அது சாய்ந்த நிலையில் இறங்கும், அந்த டர்னில் மானா தராது. கார்ப்லூசன் ஃபாரஸ்டிலிருந்து நிற மானா எடுக்கும் ஒவ்வொரு முறையும் 1 அடி விழும். நிறமில்லா மானா எடுத்தால் அடி இல்லை. ரூட்பவுண்ட் கிராக், உங்களிடம் ஏற்கெனவே ஒரு மவுண்டனோ ஃபாரஸ்டோ இருந்தால் மட்டும் நிமிர்ந்து இறங்கும்.

கடைசியில் சொன்னதில் இரண்டு பொறி இருக்கிறது. முதல் டர்னில் உங்களிடம் எந்த லேண்டும் இராது, அதனால் ரூட்பவுண்ட் கிராக் கண்டிப்பாகச் சாய்ந்துதான் இறங்கும். எல்வ்ஸுக்காக எண்ணும்போது அந்த நான்கைக் கழித்துவிட வேண்டும். மிஞ்சுவது 16, வாய்ப்பு 90 சதவீதம். இரண்டாவது பொறி பெயரில். கார்ப்லூசன் ஃபாரஸ்ட் என்ற பெயரில் ஃபாரஸ்ட் இருக்கிறது, ஆனால் கார்டின் நடுவில் உள்ள வகை வரியில் ஃபாரஸ்ட் என்று இல்லை. ஆட்ட விதி பார்ப்பது வகை வரியை மட்டுமே. ஸ்டாம்பிங் கிரவுண்டின் வகை வரியில் மவுண்டன், ஃபாரஸ்ட் இரண்டும் இருப்பதால் ரூட்பவுண்ட் கிராக் அதை ஏற்கும், கார்ப்லூசனை ஏற்காது. டிராகனுக்கு எண்ணிப் பார்த்தால், முதலில் ஆடும்போது 6-வது டர்னுக்குள் பார்க்கும் 12 கார்டில், அந்த 16 சிவப்பு லேண்டில் குறைந்தது இரண்டு வந்திருக்கும் வாய்ப்பு 90 சதவீதம். அது போதும்.

இந்த லேண்டுகளுக்குப் பணம் செலவாகும் என்று தோன்றினால் ரக்டு ஹைலாண்ட்ஸ் நல்ல மாற்று. 2014-ல் வந்த இந்த வகை எப்போதும் சாய்ந்தே இறங்கும், பதிலுக்கு 1 உயிர்ப் புள்ளி தரும். நான்கு வைக்கலாம். சாய்ந்து இறங்கும் லேண்ட் எட்டு, பத்து என்று ஏறினால் நிறம் சரியாக இருந்தும் டெக் ஒரு டர்ன் பின்தங்கியே ஓடும். வேகமான டெக்கில் அதைத் தாங்க முடியாது.

40 கார்டு, 100 கார்டு

பாக்கெட் பிரித்து அங்கேயே டெக் கட்டி ஆடும் லிமிடெட் ஆட்டத்தில் 40 கார்டு. அதற்கு 17 லேண்ட். கர்வ் மிகவும் தாழ்வாக இருந்தால் 16. இரண்டு நிறம் என்றால் 9, 8 என்று பிரியும். மூன்றாவது நிறத்தில் ஓர் அற்புதமான கார்டு இருந்தால் அதற்கு 3 லேண்ட் வைத்துச் சேர்க்கலாம், ஆனால் அந்தக் கார்டில் அந்த நிறக் குறி ஒன்றுதான் இருக்க வேண்டும், அது பிந்தி வந்தாலும் பலன் தர வேண்டும். இரண்டாவதாக ஆடி 7-வது டர்னுக்கு வந்து 14 கார்டு பார்த்த பிறகும் அந்த மூன்றில் ஒன்று வந்திருக்கும் வாய்ப்பு 74 சதவீதம்தான். 2 மானா கிரீச்சருக்காக மூன்றாவது நிறத்தைத் தொட வேண்டாம்.

100 கார்டு கமாண்டர் ஆட்டத்தில் 36 முதல் 38 லேண்ட், கூடவே சோல் ரிங், ஆர்கேன் சிக்னெட் போன்ற மானா தரும் பொருட்கள் 8, 10 என்று தொடங்கலாம்.

கணக்கு சரி, இருந்தும் ஏன் தவறுகிறது?

முதல் காரணம், கெட்ட கையை வைத்துக்கொள்வது. ஒரே லேண்ட், ஆனால் மற்ற ஆறும் அருமை என்று ஆசைப்பட்டு வைத்தால், முதலில் ஆடும்போது அடுத்த இரண்டு எடுப்பிலும் லேண்ட் வந்து 3-வது டர்னில் 3 லேண்ட் இருக்கும் வாய்ப்பு 18 சதவீதம். 2 லேண்ட் கையில் முதலில் ஆடினால் 66. இரண்டாவதாக ஆடினால் 81. ஆகவே 2 லேண்டும் மலிவான கார்டும் இருந்தால் இரண்டாவதாக ஆடும்போது வைக்கலாம், முதலில் ஆடும்போது யோசிக்க வேண்டும். 1 லேண்ட் கையைத் திருப்பிவிடுங்கள். கையைத் திருப்பிவிட்டு வேறு கை எடுப்பதற்கான முல்லிகன் விதி, 2019 முதல் நடப்பில் உள்ளது, தாராளமானது: மறுபடி 7 கார்டு எடுத்து, வேண்டாத ஒன்றை டெக்கின் அடியில் வைத்துவிட்டு 6-உடன் ஆடலாம்.

இரண்டாவது, கலைப்பது. ஆட்டம் முடிந்ததும் லேண்ட் எல்லாம் கொத்தாகக் கிடக்கும். அதைப் பார்த்து, இரண்டு ஸ்பெல்லுக்கு ஒரு லேண்ட் என்று இடையிடையே செருகிவிட்டு லேசாகக் கலைப்பவர்கள் உண்டு. பிறகு நன்றாகக் கலைத்தால் செருகியதால் எந்தப் பயனும் இல்லை. கலைக்காவிட்டால் அது ஏமாற்று, போட்டிகளில் தண்டனை உண்டு. கட்டை இரண்டாகப் பிரித்துப் பின்னிக் கலைப்பதை 7, 8 முறை செய்யுங்கள்.

மூன்றாவது, 60-ஐத் தாண்டுவது. 24 லேண்டை அப்படியே வைத்து ஸ்பெல்லை மட்டும் 40 ஆக்கினால், 60-க்கு 22.5 லேண்ட் வைத்ததற்குச் சமம்.

இன்னொன்று, மேஜிக்கைக் கணினியில் ஆடும் எம்டிஜி அரீனாவிலிருந்து எண்ணை அப்படியே எடுப்பது. அங்கே ஒற்றை ஆட்டப் பிரிவில், தொடக்கக் கையில் லேண்ட் ஓரளவு சீராக வரும்படி மென்பொருள் உதவுகிறது. அதில் 21 லேண்டுடன் நன்றாக ஓடும் டெக், மேசையில் காகிதக் கார்டில் ஆடினால் வறண்டுபோகும்.

கட்டி முடித்ததும் எதிராளி இல்லாமல் தனியாக 50 கை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் நன்றாகக் கலைத்து 7 எடுத்து, 4-வது டர்ன் வரை ஓட்டி, என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். 24 லேண்ட் டெக்கில் அந்த ஐம்பதில் 7 கை, லேண்டே இல்லாமலோ ஒன்றுடனோ வரத்தான் செய்யும். அதற்காக எதையும் மாற்ற வேண்டாம். லேண்ட் போதுமான அளவு வந்தும் நிறம் பொருந்தாமல் கார்டு கையில் நின்றால் எண்ணிக்கையைத் தொடாமல் இரண்டு மவுண்டனை ஃபாரஸ்டாகவோ, ஃபாரஸ்டை மவுண்டனாகவோ மாற்றுங்கள். நிறமும் சரி, ஆனால் 4-வது டர்னில் கையில் 4, 5 மானா கார்டே குவிந்திருந்தால் அந்த வரிசையிலிருந்து இரண்டை எடுத்துவிட்டு 2 மானா கார்டைச் சேருங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். செய்துவிட்டு மறுபடி 50 கை.